மலையில் நிற்கும் படை

ஃபின்ச் தெரு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். ஜன்னலோரம் இருந்த மூத்தவர் சொன்னார்:

“நேற்றும் சூலுப் படையை மலையில நிப்பாட்டிப்போட்டுத்தான் சமைக்கப் போனனான்.”

கையிலிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

“ஆரக்கா அவை?”

“ஆபிரிக்காச் சனம். வெள்ளைக்காரனோட சண்டை பிடிச்சவை. பழைய படம். ஊரில கரண்ட் இல்லாத காலத்தில தம்பி வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் போட்டவன். மலை முழுக்கச் சூலுக்காரர் வந்து நிக்கேக்க மண்ணெண்ணெய் முடிஞ்சுபோச்சு.”

“பிறகு?”

“பிறகென்ன, டெக்குக்காரன் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போயிட்டான். தம்பிதான் எங்கட ஒழுங்கையில இருந்த பெடியளைச் சேர்த்து, சூலுக்காரர் மாட்டுக்கொம்பு மாதிரி ரெண்டு பக்கத்தாலயும் வளைச்சு அடிப்பினம் எண்டு ஓடிக் காட்டினவன். எப்பிடியும் வெண்டிருப்பினம் எண்டு என்னோட ஒரே வாதம்.”

“இப்ப ரீவியில முழுப்படமும் இருக்கும்தானே.”

“இருக்கு. மகள் எடுத்துத் தந்தவள். மலை வரைக்கும் பாப்பன். பிறகு நிப்பாட்டிப்போடுவன்.”

“ஏனக்கா, கடைசியில தோத்துப்போவினமோ?”

“தெரியாது.”

பஸ் மார்க்கம் ரோட் சிக்னலில் நின்றது. மூத்தவர் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள் இண்டைக்கு வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை. அவன் வரட்டும், ரெண்டு பேருமாப் பாப்பம் எண்டு விட்டிருக்கிறன்.”