பரிசுப் பணப் பட்டியலின் முதல் வரி

தலைவலி யாருக்குத்தான் வருவதில்லை? இந்த ஸ்டேஷன் மின்விசிறி போடும் சத்தத்தில் எனக்கே வந்துவிட்டது, ஐயா. அதற்காக யாரும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவதில்லை.

வந்ததும் வராததுமாக, பணத்துக்காகவா என்று கேட்டீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம். மகள் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று என் மைத்துனனும் வருடக்கணக்காகச் சொல்கிறான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விளம்பரத்தில் சிரித்து அவள் வாங்கிய பணத்தை நான் ஏறிட்டும் பார்த்ததில்லை. கோல்ஃப் பரிசுப் பணம் வேறு. அதை யாரும் இரக்கப்பட்டுத் தருவதில்லை. பந்து குழியில் விழுந்தால்தான் வரும். வாழ்நாளில் வென்றதையெல்லாம் கூட்டி, யார் முதல், யார் இரண்டாவது என்று பட்டியல் போட்டு உலகத்துக்கே காட்டுகிறார்கள். என் மகள் இரண்டாவது.

முதலிடத்துக்காரி ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டில் ரோஜாச்செடி வளர்க்கிறாள். பந்தையே தொடாமல் என் மகளின் தலைமேல் உட்கார்ந்திருந்தாள். நினைத்தாலே வயிறு எரியும்.

இந்தப் போட்டியில் முதல் இரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் பாதிப் பேரைக் கழித்துவிட்டார்கள்; என் மகள் தப்பிவிட்டாள். மீதி இரண்டு நாளும் ஆடி முடித்தால், கடைசி இடத்துக்குத் தரும் பணமே அவளைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றிவிடும். விலகினால் சல்லிக்காசு கிடையாது.

அன்று மாலைதான், அவள் தலைவலிக்கு ஸ்கேன் எடுத்த டாக்டர் போனில் கூப்பிட்டார். அவளுக்கு வரும் அழைப்புகள் சின்ன வயதிலிருந்தே என்னிடம்தான் வரும். ஆட்டத்தில் அவள் பையைத் தூக்குகிறவனும் நான்தான். மூளையில் ஒரு ரத்தக்குழாய் உப்பியிருக்கிறது, உடனே கூட்டி வாருங்கள், எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்றார். வெடிக்கலாம் என்றுதான் சொன்னார், ஐயா. வெடிக்கும் என்று சொல்லவில்லை.

அவள் ஹோட்டல் அறையில் நெற்றியில் ஈரத் துண்டோடு படுத்திருந்தாள்.

"டாக்டர் என்னப்பா சொன்னாரு?"

"ஒண்ணுமில்லம்மா. கழுத்துப் பிடிப்பாம். மாத்திரை போட்டா சரியாயிடும்."

"அப்பாடா. பயந்தே போயிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். மாப்பிள்ளை போனில், "மாமா, அவ குரலே சரியில்ல, நான் வரட்டுமா?" என்றார். நான் இருக்கும்போது அவர் எதற்கு? கல்யாணமானதும் இனிஷியலை மாற்றச் சொன்ன மனுஷன். ஆட்டத்தில் பதிந்த பெயரை மாற்றக் கூடாது என்று நான்தான் தடுத்தேன்.

கடைசி நாள், கடைசிக் குழி. கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, குழி ரெண்டா தெரியுது."

"என் குரல் வர்ற பக்கம் தட்டும்மா."

தட்டினாள். விழுந்தது. சின்ன வயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

மதிப்பெண் அட்டையில் ஆட்டக்காரர் கையெழுத்துப் போடாவிட்டால் ஆடியது கணக்கில் வராது. அட்டையை ஒப்படைக்கும் அறையில் பேனாவை எடுத்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாள். அட்டை வாங்கும் அதிகாரி தண்ணீர் எடுக்க ஓடினார். நான் அவள் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, கையெழுத்தை முழுதாகப் போட வைத்தேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன்.

மறுநாள் காலை போய்விட்டாள். முதலிடத்தோடுதான் போனாள்.

எனக்கென்று நான் எதையும் விரும்பியதில்லை, ஐயா. எல்லாம் அவளுக்காகத்தான். நம்பிக்கை இல்லையென்றால் அந்தப் பட்டியலைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். முதலில் என் இனிஷியல், அதற்குப் பிறகு அவள் பெயர்.