நேரலைக்கு முன்னாடி கொஞ்சம் பவுடர்

ஆடாதீங்க சார், பென்சில் கண்ணுல குத்திடும். அப்புறம் அதுக்கும் ஆளுங்கட்சிதான் காரணம்னு பேசுவீங்க. சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீங்க. இத்தன வருஷமா உங்க மூஞ்சிக்கு நான்தான் பவுடர் போடறேன், இதுகூடவா சொல்லக் கூடாது?

இல்ல சார், இன்னும் கூப்பிடல. விளம்பரம் ஓடுது. நெத்தி பூரா வேர்வை, லைட்டுல பளபளன்னு அடிக்கும். தொடச்சிடறேன், கண்ண மூடிக்குங்க.

காலையில நீங்க பேசினதா? கேட்டேன், கேட்டேன். கட்டடம் இடிஞ்சு விழுந்து புழுதிகூட அடங்கல, முந்திரிக்கொட்டையாட்டம் வந்து உக்காந்துட்டீங்க. அனுமதி குடுத்த மந்திரி பதவி விலகணும்னீங்க. விலகட்டும், எனக்கென்ன, அவரு என்ன எனக்கு மாமனாரா? அதோட விட்டிருக்கலாம். அடியில மாட்டினவங்க ஒருத்தர்கூட பொழச்சிருக்க வாய்ப்பில்ல, தேடறதயும் நிறுத்திட்டாங்க, இந்த ஆட்சி கொன்னுடுச்சுன்னீங்க பாருங்க. அத யாரு சார் உங்களுக்குச் சொன்னது?

அதான, யாரும் சொல்லல. ஒரு வேகத்துல வந்துடுச்சு. எனக்கும் வாய் நீளம்தான் சார். ஆனா நான் பேசினா எங்க அடுப்படியத் தாண்டாது. உங்களுது அப்படியா? உசுரு இருக்கா போச்சான்னு தெரியறதுக்குள்ள ஒப்பாரி வெச்சா எப்படி?

மோவாயத் தூக்குங்க. சாப்பிட்டேனா? எங்க சார், காலையிலேருந்து பச்சத்தண்ணி எறங்கல. மேனேஜர்கூட உன் மூஞ்சியே சரியில்ல, வீட்டுக்குப் போன்னாரு. உங்களுக்கு மட்டும் போட்டுட்டுப் போறேன்னு நான்தான் கெஞ்சி நின்னேன்.

எதுக்கா? இருங்க, காலர்ல பவுடர் விழுந்துடுச்சு.

எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன் சார். அந்தக் கட்டடத்துல கீழ்த்தளத்துல வயரிங் பாத்துட்டிருந்தாரு. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உசுரோடதான் இருக்காரு. ரெண்டு தூணுக்கு நடுவுல, கால் மாட்டியிருக்காம். கையில போன் இருக்கு. தீயணைப்புக்காரங்ககிட்ட சொல்லிட்டேன், அந்தப் பக்கமாத்தான் தோண்டறாங்க. சும்மா சும்மா கூப்பிடாதம்மா, சார்ஜ் போயிடும்னாங்க.

இங்க ஏன் சொல்லலையா? சொன்னா நம்ம செய்திப் பிரிவு மொத்தமும் அவர் நம்பருக்குப் போட்டே சார்ஜத் தீத்துடும். எனக்குத் தெரியாதா நம்ம ஆளுங்கள? நீங்களும் வெளிய சொல்லிடாதீங்க.

அந்த இருட்டுல மேல என்ன நடக்குதுன்னு அவரு சார்ஜ் போகும்னாலும் கேக்காம நம்ம சேனலத்தான் அப்பப்ப போட்டுப் பாக்கறாரு. நீங்க பேசி முடிச்சதும் எனக்கு மெசேஜ் வந்துச்சு. தேடறத நிறுத்திட்டாங்களாமே, நெஜமான்னு.

இல்லவே இல்ல, தோண்டிட்டுதான் இருக்காங்கன்னு போட்டேன். நம்ப மாட்டேங்கறாரு சார். நீ என் மனசத் தேத்தறதுக்காகச் சொல்றே, டிவியில பேசறவரு விஷயம் தெரிஞ்சவருங்கறாரு.

அதோ கூப்பிடறாங்க, போங்க. மந்திரிய அப்புறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க. தோண்டிட்டுதான் இருக்காங்கங்கறத மொதல்ல சொல்லிடுங்க. நீங்க சொன்னா அவரு நம்புவாரு.