பல்லுவலிக்கு முதல் இடம்

ஹலோ... ஹலோ... அத்தான், நான்தான். வச்சிடாதீங்க, ஒரே நிமிஷம்... ஆமா, நான் வேல பாக்கற மூக்குக்கண்ணாடிக் கடை போன்தான். என் நம்பரப் பாத்தா நீங்க எடுக்கறதில்லயே, அதான்... இல்ல இல்ல, குத்தமாச் சொல்லல. வேலையா இருந்திருப்பீங்க... ஆமா... ஆமா ஆமா.

ஐயோ, அக்காவுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா. அவளுக்கும் இந்த போனுக்கும் சம்பந்தமே கிடையாது. கோர்ட்டுல எல்லாம் முடிஞ்ச பிறகு அதப் பத்தி நான் என்ன பேசப்போறேன்?... சத்தியமா. இது நம்ம ரெண்டு பேருக்கும் பிடிச்ச மியூசிக் பேண்டு விஷயம்... பேண்டு அத்தான், பேண்டு! ரேடியோவுல நேத்து சாயங்காலம் அவங்க பாட்டுல டாப் டென் போட்டானே... கேக்கலயா? நீங்களா கேக்கல?... சரி விடுங்க, நான் சொல்றேன். நின்னுட்டிருக்கீங்களா? உக்காந்துக்கோங்க.

பத்தாவது இடம் எதுக்குத் தெரியுமா? தண்ணிக்குழாய்க்கு!... என்ன, எதுன்னு கேக்கறீங்க? நீங்க வச்ச பேருதானே அது. ஆரம்பத்துல கிடார் சொட்டுச் சொட்டா விழும்ல, சரியா மூடாத குழாய் மாதிரி... ஆ, அதேதான். உங்க நம்பர் ஒன்னு! அதக் கொண்டுபோய்ப் பத்தாவதா வச்சிருக்கான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை... ம்?... சிரிக்கறீங்க. பழைய அத்தானா இருந்தா இந்நேரம் ரேடியோ ஸ்டேஷனுக்கே வண்டிய எடுத்திருப்பாரு.

எடுத்திருப்பீங்க! என்கிட்ட போட்ட சண்ட கொஞ்சமா நஞ்சமா? கல்யாணமாகி முதல் தடவ எங்க வீட்டுக்கு வந்தப்போ, என் ரூம் சுவத்துல அந்த பேண்டு போஸ்டரப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டீங்க. உள்ள அக்கா சாப்பாடு ஆறுதுன்னு கத்திட்டே இருக்கா. நான் வேகமான பாட்டுதான் ஒசத்திங்கறேன், நீங்க இல்லவே இல்லங்கறீங்க... ஞாபகம் இருக்குல்ல?... ம்... ம்... நானும் மறக்கல.

இல்ல, வேல இருந்தா... அஞ்சே நிமிஷம் அத்தான். இங்க சாப்பாட்டு நேரம், கடையில யாரும் இல்ல. லென்ஸ் அறுக்கற மெஷினையும் நிறுத்திட்டேன், சத்தம் வராது. அவன் கிடக்கான், நாம போடுவோம் பட்டியல். முதல்ல என்னோட வண்டிப் பாட்டு. பழைய வண்டி இருமி இருமிக் கிளம்பற மாதிரி வருமே, அது. சரியா?... சரின்னா? சரின்னு சொல்றீங்களா?... சரி. ரெண்டாவது? குழாய எங்க வைக்கட்டும்?... எனக்கு எங்க தோணுதோ அங்கயா?

அத்தான், விளையாடாதீங்க.

அப்ப ஒண்ணு பண்றேன். பல்லுவலிய முதல் இடத்துல வைக்கறேன். ஆமா, பல்லுவலியேதான்! பாட்டு முடியற வரைக்கும் கன்னத்தப் புடிச்சுட்டு முனகுற மாதிரியே பாடுவானே. இதப் பதிவு பண்ண அன்னைக்கு ஸ்டுடியோவுல கரண்டு போயிருக்கக் கூடாதான்னு நீங்க தலையில அடிச்சுப்பீங்களே, அந்தப் பாட்டு. அதுக்குத்தான் முதல் இடம். வைக்கட்டுமா?...

...

சரியா?

சண்ட போடுங்க அத்தான். நான் எத வச்சாலும் சரி சரின்னா எப்படி? தெரியாதவங்ககிட்டதான் இப்படிப் பேசுவாங்க... இல்ல, கோவமெல்லாம் இல்ல. எனக்குப் பேச ஆளே இல்ல, அவ்வளவுதான். வீட்டுல அவங்க பாட்டப் போட முடியல. முதல் கிடார் சத்தம் வந்தாலே அக்கா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடறா. ஒரு வார்த்த திட்டினாக்கூடப் பரவால்ல. கடையில கண் டெஸ்ட் பண்றவர்கிட்ட குழாயப் போட்டுக் காட்டினேன். பாதியிலயே தலவலி மாத்திர இருக்கான்னு கேட்டாரு... ஆமா, நெஜமா. ஊமை கண்ட கனவு மாதிரி ஆயிடுச்சு என் பொழப்பு. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சீங்க, சரி, அது உங்க பாடு. நாம எப்ப அத்தான் பிரிஞ்சோம்? அத யாரும் என்கிட்ட கேக்கலயே...

ஹலோ?... இருக்கீங்களா?... ம்.

யாரு அது, உள்ளயிருந்து?... இல்ல, கேட்டுச்சு. யாருங்க போன்லன்னு கேட்டாங்க. ஏதோ இன்சூரன்ஸ்காரன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு... ஐயோ, தப்பா எடுத்துக்கலங்க. உங்களுக்கு மறுபடி கல்யாணம் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன். நல்லது அத்தான். மனசாரத்தான் சொல்றேன், நல்லா இருங்க... ம்... அவங்களுக்குப் பாட்டெல்லாம் பிடிக்குமா?... வீட்டுல பாட்டே போடறதில்லயா? நீங்களுமா? கேக்காம எப்படி இருக்கீங்க?...

என்னது? சத்தமாப் பேசறீங்க... ஓ. பக்கத்துல வந்துட்டாங்களா?... சரி சரி, புரியுது. புரியுது.

ஆமாங்க சார். இன்சூரன்ஸ்லேந்துதான் பேசறேன் சார்... இல்லங்க சார், வேணாம்னா விட்டுடறோம். வற்புறுத்தல்லாம் மாட்டோம்... ஆமாங்க, உங்க நம்பர் எங்க லிஸ்டுல இருக்கு சார்...

லிஸ்டுலேந்து உங்க நம்பர எடுத்துடணுமா?

அது... அவங்க காதுல விழணும்னு சொல்றீங்களா, இல்ல எனக்கே சொல்றீங்களா?... ஒண்ணு மட்டும்... ஆமான்னோ இல்லன்னோ...

...

சரிங்க சார். எடுத்துடறேங்க சார். இனிமே இங்கயிருந்து போன் வராது... பரவால்லங்க, இருக்கட்டும். நீங்க எதுக்கு சாரி சொல்றீங்க சார், இன்சூரன்ஸ்காரன்கிட்ட யாராவது சாரி சொல்லுவாங்களா? அவங்க கவனிக்கப் போறாங்க... வச்சிடட்டுங்களா?... நீங்களே வச்சிடுங்க சார். என்னால முடியல... ஹலோ?... ஹலோ?