ஆபீஸ் வழியாப் போகாத சேதி

— அதெல்லாம் எனக்கு வேணாம் சிவசக்தி. தோட்டத்துத் துரை ஓடர் போட்டுட்டாரு. தொழிலாளிங்க லயத்துக் கூரைங்கள்ல நீ மாட்டி வச்சிருக்கிற மழைப் பொட்டி எல்லாத்தையும் பொழுது சாயறதுக்குள்ள கழட்டணும். ஓடர்னா ஓடர்தான்.

— கழட்ட மாட்டேன் கிளாக்கரய்யா.

— என்னது?

— கழட்ட மாட்டேன்னு சொன்னேன். எட்வர்ட் ஐயா, உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?

— வாய் நீளுது. கம்பஸுல கம்பியூட்டர் படிச்சா கண்ணு மண்ணு தெரியாதோ? ஒங்கப்பன் இருவது வருசமா என் மேசைக்கு முன்னால கையக் கட்டிட்டு நின்னவன்.

— அவர் நின்னது போதும்னுதான் நான் நிக்கல. ஸ்டூல் இருக்கு, நீங்களும் உக்காருங்க.

— இந்தா பாரு, பொட்டிய வைக்காதன்னு நான் சொல்லல. மலையில இருக்கிற மழைமானி ஆபீஸ் பொட்டிக்கு மட்டும் சேதி அனுப்பட்டும். ஆபீஸ் துரைக்குச் சொல்லும். துரை சரின்னா சங்கு ஊதி சனத்த எறக்குவோம். ஒன் பொட்டி சும்மா மழைக்கெல்லாம் கத்தி, சனம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு வராமப் போனா மலையில தேயிலக் கொழுந்து பறிக்கிறது யாரு? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

— மொதல்ல நானும் அப்படித்தான் ஐயா வரைஞ்சேன். நடுவுல ஆபீஸ், சுத்தி லயம். கம்பஸ்ல எங்களுக்குப் படிப்பிக்கிற மர்லியா மேடம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, நடுவுல இருக்கிறது செத்தா என்ன செய்வேன்னு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அங்கம்மா அத்தை நெனப்பாவே இருந்துச்சு.

— அத ஏன் இப்ப இழுக்கிற?

— இழுப்பேன். அந்தத் தடவ நமுனுகுல பக்கம் மூணு நாளா மழை. மலை மேல இருக்கிற மேல்கணக்கு லயத்துச் சனத்த ஒடனே எறக்குங்கன்னு பதுளை கவர்மெண்ட்ல இருந்து இங்க ஆபீஸுக்குப் போன் வந்துச்சு. பௌர்ணமி போயா லீவு, ஆபீஸ் பூட்டியிருந்துச்சு, எடுக்க ஆளில்லன்னு நீங்கதானே விசாரணையில சொன்னீங்க? மலை சரிஞ்சு லயத்த மூடிருச்சு, அத்தைய மூணாம் நாள்தான் மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தோம். கையில பிள்ளையோட சட்டையப் புடிச்சிட்டே கெடந்தாங்க.

— பூட்டியிருந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?

— நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அதுக்குத்தான் இத வேற மாதிரி செஞ்சேன். இதுல பெரிய பொட்டி, சின்னப் பொட்டின்னு கெடையாது. ரெண்டு செக்கனுக்கு ஒருக்கா ஒவ்வொண்ணும் பக்கத்துப் பொட்டிக்கு ‘இருக்கேன்’னு சொல்லும். பத்து செக்கன் சத்தமில்லையா, அது போயிருச்சுன்னு முடிவு பண்ணிரும். அப்புறம் எந்தப் பக்கம் போனா சுருக்கம்னு மத்ததுங்ககிட்டக் கேட்டு வழிய மாத்திக்கும். ஒரு நாள் மழை எழுபத்தஞ்சு மில்லிமீட்டரத் தாண்டிச்சுன்னா எல்லா லயத்துலயும் ஒண்ணாக் கத்தும். யார்கிட்டயும் ஓடர் கேக்காது.

— ஓடர் இல்லாம இங்க ஒரு எலை அசையாது. தோட்டத்துப் புள்ளதானே நீ? கடுதாசி எது வழியா வருது? ஆபீஸ். பேர் பதியறது? ஆபீஸ். ஒனக்குக் கம்பஸ் கெடச்ச கடுதாசியே என் கையாலதான் வந்துச்சு, மறந்துறாத.

— மறக்கல. பதினாறு நாள் உங்க மேசையில கெடந்துட்டுத்தான் வந்துச்சு. பதியறதுக்குக் கடைசி நாள் அது. பஸ் போயிருச்சு, பசறை வரைக்கும் கொழுந்து லொறியில நின்னுட்டே போனேன். வழி பூரா உங்கள ஏசிட்டுத்தான் போனேன்.

— போதும். சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன், நீயே சொல்ல வச்சிட்ட. காலையில ஒம்பது மணிக்கே ஆபீஸ் பொட்டி வயர உருவிட்டேன்.

— தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுமா இந்த ஆட்டம்? ஒன் நெட்வேர்க் செத்து நாலு மணித்தியாலம் ஆச்சு. நாளைக்குக் கம்பஸ்ல இருந்து பாக்க வர்றவங்களுக்கு வெறும் டப்பாவக் காட்டு.

— ஐயோ, ஐயா!

— என்ன சிரிப்பு?

— வேற யாரா இருந்தாலும் ரெண்டு மூணு கூரையிலயாவது ஏறிப் பாத்திருப்பாங்க. எல்லாம் ஆபீஸ் வழியாத்தான்னு முப்பது வருசமாப் பழகிட்டீங்க, அந்த ஒரு வயரோட முடிஞ்சுதுன்னு நெனச்சிட்டீங்க. பதினாலு செக்கன்தான் தடுமாறிச்சு. இந்தாங்க என் போன், நீங்களே பாருங்க. மேல்கணக்குல இப்ப வரைக்கும் நாப்பத்திரெண்டு மில்லிமீட்டர். அந்தச் சேதி கீழ் லயம் வரைக்கும் வந்திருக்கு.

— இந்தப் பச்சக் கோடு என்ன?

— இப்ப சேதி போற வழி.

— ஆபீஸ விட்டுட்டு மாரியம்மன் கோயில் கூரைக்குப் போகுது. சரி. கோயிலுக்கும் கீழ் லயத்துக்கும் நடுவுல மேடு இருக்கே, எப்படி எறங்குது?

— நடுவுல இன்னொரு பொட்டி இருக்கு ஐயா.

— எங்க? சொல்லு. வயர மட்டும் உருவ மாட்டேன், கூரையோட சேத்துப் பிச்சுப் போடுறேன்.

— போடுங்க, நான் தடுக்க மாட்டேன். உங்க குவாட்டர்ஸ் கூரைதான் அது.

— என் வீட்டுலயா? எவன் ஏறுனான்?

— எவனும் ஏறல. உங்க சம்சாரம் றோசாலி ஆன்ட்டி ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை முடிஞ்சு நேரா இங்கதான் வந்தாங்க. ஒரு பொட்டியக் கேட்டு வாங்கிட்டுப் போயி, ஏணி வச்சு அவங்களே ஏறி மாட்டுனாங்க. ஐயா ஏசுவாரு, வேணாம் ஆன்ட்டின்னு எவ்வளவோ சொன்னேன்.

— அவளுக்கு எதுக்கு இந்த வேல? அவளுக்கும் லயத்துக்கும் என்ன சம்பந்தம்?

— நானும் அதத்தான் கேட்டேன். மலை சரிஞ்ச அந்தப் போயா அன்னைக்கு உங்களுக்குச் சோறு கொண்டு வந்தாங்களாம். ஆபீஸ் தொறந்துதான் இருந்துச்சாம். நீங்க பதுளையோட பேசி முடிச்சுப் போன வச்சிட்டு, துரை வந்து சொல்லட்டும்னு கதிரையில உக்காந்திருந்தீங்களாம்.