உபயக் கடலையில் எட்டுப் பூண்டு

— வாங்க குமுதா, உங்க வீடுதானே, உள்ள வாங்க. ஆனா மேல மட்டும் பார்க்காதீங்க.

— ஏன், என்னாச்சு? ஹீட்டர் ரிப்பேர் ஆளு வந்தாரா இல்லையா?

— வந்தாரு, செஞ்சாரு, போயிட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பூரா அவர் போனதுக்கு அப்புறம் நடந்தது.

— ஐயோ தெய்வமே! ஃபேன்ல என்ன அது?

— பார்க்காதீங்கன்னு சொன்னேனே.

— சுவத்துல? காலண்டர்ல? சாமி படத்துக் கண்ணாடியிலகூட… என்னா இது, சிமெண்டா?

— ஹம்மஸ்.

— என்னது?

— ஹம்மஸ். வேகவச்ச கொண்டைக்கடலையில எள்ளு, எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்து அரைக்கிற அரபுக்காரங்க தொவையல். மிக்சி மூடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும்னு வீடியோவுல அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொன்னா. நான் அந்த நேரம் பார்த்து மூக்கைச் சொறிஞ்சேன். மூடி பறந்துருச்சு. ஃபேன்ல ஒட்டினது என்னமோ கொஞ்சம்தான்.

— கொஞ்சமா? நாலு சுவத்துலயும் இருக்கு!

— அது… சீக்கிரம் காயட்டுமேன்னு ஃபேனைப் போட்டேன்.

— ஃபேனைப் போட்டீங்களா!

— சிரிக்கிறீங்களா, அழறீங்களா? முதுகைக் காட்டிக்கிட்டு நின்னா எனக்கு எப்படித் தெரியும்?

— உங்ககிட்ட சாவியைக் குடுத்தது ஹீட்டர் ஆளுக்குக் கதவைத் திறந்து விட. உங்களை யாரு சமைக்கச் சொன்னா?

— யாரும் சொல்லல. போன வாரம் லிஃப்ட்ல உங்க மக வாணி கையில ஒரு குட்டி டப்பா வச்சிருந்தா. முகத்துக்குப் பூசுற கிரீமாம்மான்னு கேட்டேன். ஹம்மஸ் அங்கிள், இது இருந்தா எனக்குச் சோறே வேணாம்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. மூணு வாரமா அவ என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான். சரி, புள்ளைகிட்ட நல்ல பேர் வாங்க ஒரு வழி கிடைச்சதுன்னு நெனச்சேன்.

— வாணிகிட்ட நல்ல பேர் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?

— குமுதா, மூணு வாரத்துக்கு முன்னாடி கீழ கார் பார்க்குல நான் ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— ஐம்பத்தஞ்சு வயசுல, ஸ்கூல் வேன் கழுவுற வாளியைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். என் வீட்டுக்காரி போயி ஒன்பது வருஷம், உங்க வீட்டுக்காரர் போயி பதினோரு வருஷம், நாம கட்டிக்கிட்டா என்னன்னு. நீங்க பார்ப்போம்னு சொன்னீங்க. அன்னையிலருந்து நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன்.

— அதுக்கும் இந்த ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்?

— இருக்கு. இந்த பிளாட்டுக்கு நான் வந்த நாள்லருந்து வாய் நிறைய அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டீங்க. அன்னையோட அது நின்னுச்சு. நானும் சந்தோஷப்பட்டேன். அண்ணேயை எடுத்தாச்சு, அடுத்து ஏதாவது வரும்னு காத்திருந்தா, ஒண்ணும் வரல. "இந்தாங்க", "கேக்குதா", "லிஃப்ட் வந்துருச்சு", அவ்வளவுதான். எனக்குப் பேரே இல்லாமப் போச்சு. மறுநாள் லிஃப்ட்ல என் நட்சத்திரம் என்னன்னு கேட்டீங்க. சதயம், ஏன், நாலு நம்பர் லாட்டரி எழுதப் போறீங்களா, அடிச்சா எனக்குப் பாதின்னு சொன்னேன். அதோட அந்தப் பேச்சும் போச்சு. சரி, மகளுக்காகத்தான் யோசிக்கிறாங்கன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

— இதைப் பேச இப்பவா நேரம்? நகருங்க. இன்னைக்குக் கோவில்ல நம்ம உபயம். ஆறரைக்குள்ள சுண்டலைத் தாளிச்சு எடுத்துட்டுப் போகணும்.

— ஃபேனை நான் துடைக்கிறேன், நீங்க உட்காருங்க லா. மிக்சியில போனதுதான் போச்சு. மிச்சத்தை உங்க கிரைண்டர்ல போட்டு அரைச்சேன் பாருங்க, இட்லி மாவு தோத்துப் போகும், அவ்வளவு வழவழப்பு. ரெண்டு குண்டான் நிறைய இருக்கு.

— ரெண்டு குண்டானா? அவ்வளவு கடலை உங்களுக்கு ஏது?

— அதுதான் அடுப்பு பக்கத்துல பெரிய பானையில வெந்து தயாரா இருந்துச்சே. உப்புகூடப் போட்டிருந்தீங்க.

— மஞ்சத் துணி கட்டியிருந்த பானையா?

— ஆமா. ஈ உட்காராம இருக்கக் கட்டியிருந்தீங்களே.

— அண்ணே!

— …அண்ணேவா?

— அது உபயத்துக்கு வச்ச கடலை! நவராத்திரி அஞ்சாம் நாள், மூணு கிலோ! நேத்து ஊறப்போட்டு, மத்தியானம் கிளினிக் வேலையிலருந்து ஓடி வந்து, தலைக்குக் குளிச்சு வேகவச்சு, மஞ்சத் துணியைக் கட்டி வச்சுட்டுத்தானே உங்ககிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போனேன்!

— குமுதா…

— வாயில வச்சுப் பார்க்கலையே?

— யாரு?

— நீங்கதான்! சாமிக்குப் படைக்க முந்தி ருசி பார்க்கக் கூடாதுன்னு தெரியும்ல?

— உப்புக்கு ஒரு தடவை பார்த்தேன். எலுமிச்சம்பழத்துக்கு ஒரு தடவை. அப்புறம் காரணமே இல்லாம ஒரு நாலு தடவை.

— பூண்டு?

— அளவாத்தான்.

— எவ்வளவு அளவா?

— வீடியோவுல எட்டுப் பல்லுன்னு போட்டிருந்துச்சு. கடலை நிறைய இருக்கேன்னு எட்டுப் பூண்டாப் போட்டேன்.

— தெய்வமே! அம்மனுக்கு எட்டுப் பூண்டு!

— குமுதா, நான் ஒண்ணும் சொல்லல. சாவி இந்தா மேசை மேல இருக்கு. ஃபேனைத் துடைச்சிட்டு, சுவத்தைத் துடைச்சிட்டு, சத்தமில்லாமக் கீழ இறங்கிப் போயிடுறேன். பார்ப்போம்னு சொன்னீங்க, பார்த்தாச்சு. அண்ணேன்னு கூப்பிட்டீங்க பாருங்க, அதுலயே பதிலும் வந்துருச்சு.

— வாசக் கதவைத் திறக்கிற சத்தம் கேக்குது. வாணி வந்துட்டா.

— போச்சு. இனி ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்கிட்டுத்தான் போகணும்.

— அம்மா, லிஃப்ட் வரைக்கும் பூண்டு வாசம் அடிக்கு… ஓ மை காட். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீங்களா?

— வாணி, செருப்பைக் கழட்டிட்டு வா, தரையில வழுக்கும். இவரு உபயக் கடலை பூராவையும் அரைச்சுட்டாரு.

— பூராவுமா? சீரியஸ்லி? எதுக்கு அங்கிள்?

— உனக்காகத்தாம்மா. நீ அன்னைக்கு லிஃப்ட்ல சொன்னியே, அந்த ஹம்மஸ். நான் பந்திங் மாதிரிச் சின்ன ஊர்ல பொறந்து வளந்தவன். கடலைன்னா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பொட்டலம் வாங்கித் தின்னதோட சரி. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிரும்மா.

— இருங்க, இருங்க. ஒரு ஸ்பூன் குடுங்க.

— வேணாம்மா, பூண்டு தூக்கலா இருக்கும்.

— ம்ம்… ம்ம்ம்…

— துப்பிரும்மா, பரவால்ல. நான் மனசுல வச்சுக்க மாட்டேன்.

— அங்கிள், இதை நீங்களே செஞ்சீங்களா?

— யாரையும் மாட்டிவிட முடியாது, தனியாத்தான் இருந்தேன்.

— செம்மயா இருக்கு! அம்மா, இதைச் சாப்பிட்டுப் பாருங்களேன். கடையில விக்கிறதுல இந்த எள்ளு வாசமே இருக்காது. அந்த எள்ளு விழுது, தஹினி, எங்க வாங்கினீங்க?

— பிரிக்ஃபீல்ட்ஸ்ல நாலு கடை ஏறி இறங்கினேன், கிடைக்கல. வெள்ளை எள்ளை வறுத்து, நல்லெண்ணெய் விட்டு அரைச்சேன். கருக விடல, நிஜமா.

— நல்லாத்தான் இருக்கும், யாரு இல்லேன்னா? சாமிக்கு என்னத்தைக் கொண்டு போறது, அதைச் சொல்லு. மணி அஞ்சாகப் போகுது. இனி கடலையை ஊறவச்சு எப்ப வேகவைக்கிறது?

— அம்மா, தீபாவளிக்கு நெய் உருண்டை பிடிக்கன்னு பாசிப்பயறு வாங்கி வச்சீங்கல்ல? அதுக்கு ஊறவே வேணாம். குக்கர்ல போட்டா அரை மணி நேரம். பக்கத்து வீட்டு இராஜம்மா ஆன்ட்டிகிட்ட இன்னொரு குக்கர் வாங்கிட்டு வரேன். இந்த ஹம்மஸை டப்பா டப்பாவா போடுங்க. ஆன்ட்டிக்கு ஒண்ணு, என் ஆபீஸுக்கு மூணு, மிச்சத்துக்கு நாளைக்கு தோசை.

— அடடே, ஆமா, பயறு இருக்கு! எனக்குத் தோணவே இல்ல பாரு. போ, சீக்கிரம் வாங்கிட்டு வா. ஏங்க, அந்த மேல் தட்டுல பச்சை மூடி போட்ட டின்னு இருக்கும், எடுங்க.

— …என்ன சொன்னீங்க?

— டின்னு. பச்சை மூடி.

— அதுக்கு முன்னாடி.

— தேங்காயும் எடுங்க, துருவணும். அதையாவது வாயில போடாமத் துருவுங்க.

— கையை ரெண்டு தடவை கழுவிட்டேன். வாயையும் மூடிக்கிறேன்.

— குக்கர் வந்துருச்சும்மா. ஆன்ட்டி வாசத்தைப் பிடிச்சுட்டாங்க, இன்னைக்கு உங்க வீட்டுல அரபு விருந்தான்னு கேக்குறாங்க.

— சிரிப்பை அப்புறம் வச்சுக்கலாம், பயறைக் கழுவு. நான் கோவில்ல அய்யாவு அண்ணேகிட்ட சொல்லிடுறேன், கடலைச் சுண்டல்னு போர்டுல எழுதியிருப்பாரு. …ஹலோ, அய்யாவு அண்ணேங்களா? குமுதா பேசுறேன். சுண்டல் மட்டும் மாத்துறோம்ணே, பாசிப்பயறு… இல்லல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல ஒரு சின்ன விபத்து… நேரம் அதேதான்… அர்ச்சனைப் பேரா? அதுல ஒரு மாத்தமும் இல்லண்ணே. சீட்டுல எழுதின அதே மூணு பேர்தான்… ஆமா, மூணு பேரும் வந்துருவோம். வச்சிடுறேன்.

— மூணு பேரா?

— தேங்காயைத் துருவுங்க.

— போன வருஷம் நான் பின்னால நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். ஐயர் உங்க பேரையும் வாணி பேரையும்தான் படிச்சாரு. மூணாவது யாரு? வாணிக்கு ஏதாவது பேச்சு நடக்குதா? நல்ல விஷயம் லா, சொல்லக் கூடாதா? மாப்பிள்ளை எந்த ஊரு?

— ஹலோ அங்கிள், என்னை இதுல இழுக்காதீங்க. அம்மா, ப்ளீஸ், சொல்லிடுங்க. மூணு வாரமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன். லிஃப்ட்ல அங்கிள் முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு பீறிட்டு வருது, அதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நான் குளிக்கப் போறேன்.

— சிரிப்பா? என்னைப் பிடிக்காமத் திரும்பிக்கிட்டான்னு நெனச்சுத்தானே நான் மூணு கிலோ கடலையை அரைச்சேன்!

— குக்கர் விசில் அடிச்சதும் அடுப்பைக் குறைக்கணும், ஞாபகப்படுத்துங்க.

— குமுதா.

— ம்.

— ஒரு தடவையாவது எனக்கு நேராப் பதில் சொல்லுங்க. அந்த மூணாவது பேர் யாரு?

— நான் சொல்லத்தான் வந்தேன். நட்சத்திரம் கேட்டதே அதுக்குத்தான். நீங்க நாலு நம்பர்னு சிரிச்சீங்க. அடுத்த வாரம் உங்க வேன்கிட்டயே வந்து நின்னேன். இந்த பேட்டரியும் நானும் ஒரே வயசு, எது முதல்ல போகும்னு பந்தயம் கட்டுவோமான்னு கேட்டீங்க. எதைச் சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்துருச்சு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஒரு ஜோக்கை எடுத்துக் குறுக்க போட்டுடுறீங்க. கேட்டது நீங்க. பதிலைக் கேக்கப் பயப்படுறதும் நீங்கதான்.

— பயம்தான். இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா, சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன்னு சிரிச்சிட்டுப் போயிடலாம்ல. அப்ப, கொஞ்சம் முன்னாடி கத்தினீங்களே, அண்ணேன்னு?

— உயிர் போற பதட்டத்துல பழைய பழக்கம் வந்துருச்சு. இனிமே அப்படிக் கூப்பிட்டா ஊரே சிரிக்கும். இப்ப ஏதாவது ஜோக் வருதா?

— வருது. நாக்கைக் கடிச்சு அடக்கிக்கிட்டு நிக்கிறேன்.

— அப்படியே நில்லுங்க. மூணாவது பேர் சிவநேசன், சதய நட்சத்திரம். குடும்பத்தார்னு போட்டிருக்கிற இடத்துல, நீங்க நட்சத்திரம் சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே என் கையால எழுதிக் குடுத்தேன். ஆமா, உங்களைக் கட்டிக்கிறேன்.