திரையில் தெரிந்த தூண்

கம்பியின் கனமும் கலவையின் குணமும் கண்பார்வையிலேயே கணித்துச் சொல்லும் கட்டுமானக் கலைச்செல்வியே! தரம் என்ற ஒரு சொல்லுக்காகத் தம் வாழ்நாளைத் தந்த தகைமையே! பதவி உயர்ந்த பின்னும் தலைக்கவசத்தைக் கழற்றாத தலைவியே! எங்கள் தரக்கட்டுப்பாட்டுத் தலைமைப் பொறியாளராய்ப் பணியாற்றி இன்று நிறைவு காணும் அம்மையீரே! தங்களை வணங்கி வரவேற்கிறோம்.

பாராட்டு மடல் பால்போல் இருக்க வேண்டும், அதில் ஒரு தூசும் விழக் கூடாது என்பார்கள். தங்களுக்கு எழுத உட்கார்ந்தபோது எங்களுக்கு அது கைகூடவில்லை. முதற்படி எழுதியதும், "அந்த ஞாயித்துக்கிழமை விஷயத்தை மட்டும் விட்டுடலாமே, எதுக்கு வம்பு?" என்று எங்களுள் சிலரே சொன்னோம். விட்டுப் பார்த்தோம். மிஞ்சியது எவருக்கு வேண்டுமானாலும் வாசிக்கக்கூடிய மடல். ஆகவே நிர்வாக இயக்குநர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இந்த அவையிலேயே முழுவதையும் வாசிக்கிறோம்.

கடமையே கண்ணான காரிகையே! கான்கிரீட் ஊற்றும் முன் கம்பிக்கூட்டைப் பார்க்க வேண்டியது தங்கள் வேலை. அதற்கு ஆள் அனுப்பலாம். தாங்கள் அனுப்பியதில்லை. சாரத்தில் தாங்கள் ஏறுவது தெரிந்தால் போதும், "மேடம் வர்றாங்க, ரிங்கை இன்னொரு தடவ எண்ணிக்கங்கடா!" என்று கம்பி கட்டுபவர்கள் குரல் கொடுப்பார்கள். தூணின் நிற்கும் கம்பிகளை இடுப்புக் கயிறுபோல் சுற்றிப் பிடித்திருக்கும் வளையங்களைத்தான் நாங்கள் ரிங் என்போம். அவற்றின் இடைவெளி விரலளவு கூடினாலும் தங்கள் புருவம் உயரும். அந்தப் புருவத்துக்கு அஞ்சாத ஒப்பந்தக்காரர் எங்கள் நிறுவனத்தில் நிலைத்ததில்லை.

தங்கள் கணவர் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்ட ஆண்டில், இல்லத்தின் பாரம் முழுவதும் தங்கள் தோளில் இறங்கியது. தாங்கள் யாரிடமும் முகம் சுளிக்கவில்லை, கைமாற்றும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு விளக்கு, கைப்பேசியை நிறுத்த ஒரு தாங்கி, பின்னால் வெற்றுச் சுவர். இவ்வளவுதான் தங்கள் இரண்டாம் அலுவலகம். வேலை முடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், வீட்டுச் சுவரில் விரிசல் கண்டு கலங்கியவர்களுக்கு இணையவழி ஆலோசனை சொல்லத் தொடங்கினீர்கள். அரைமணி நேரத்துக்கு ஒரு கட்டணம். கைப்பேசியில் காட்டினால், "டார்ச்சை நேரா அடிக்காதீங்க, சாய்ச்சு அடிங்க; பக்கத்துல ஒரு பென்சிலை வைங்க" என்று சொல்லி, பூச்சு விரிசலா, சுவர் விரிசலா, உயிருக்கு உலை வைக்கும் விரிசலா என்று பிரித்துச் சொல்வீர்கள். சிலந்திக்கூட்டைக் காட்டி ஆலோசனை கேட்டவருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, துடைப்பத்தைச் சிபாரிசு செய்தீர்கள். "மருமக ஆணி அடிச்சுத்தான் வீடே விரிஞ்சிடுச்சு" என்று முறையிட்ட மாமியாரிடம், "ஆணியால சுவர் விழாதும்மா. நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சுவர் தெரியட்டும்" என்றீர்கள். அந்த மருமகளே பிறகு தன் தோழியர் மூவரைத் தங்களிடம் அனுப்பினார் என்பது தனிக்கதை. விரிசல் டாக்டர் என்ற பட்டத்தை வழங்கியது எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல, அந்த மக்கள்.

இதை ஒளிவுமறைவாகவும் செய்யவில்லை. நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினீர்கள். நிர்வாகமும் ஒரே நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டது: எங்கள் நிறுவனம் கட்டிய கட்டடங்களைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது, அப்படி ஓர் அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அலுவலகத்தை அணுகச் சொல்ல வேண்டும். தாங்கள் தலையசைத்தீர்கள். ஆண்டுக்கணக்கில் அந்தச் சொல்லைக் காத்தீர்கள்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வந்தது.

ஆலோசனை கேட்பவருக்கு அனுப்புவதற்காக ஒவ்வோர் அழைப்பையும் பதிவுசெய்வது தங்கள் வழக்கம். பின்னாளில் விசாரணையில் அந்தக் காணொளிப் பதிவு ஓடியபோது, கூட்ட அறையில் நாங்களும் இருந்தோம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் வகுப்பு நடத்தும் பெண்மணி அழைத்திருந்தார்.

"மேடம், ஒரு கதவு மூட மாட்டேங்குது. தச்சர் வந்து பாத்துட்டு, கதவு நல்லாத்தான் இருக்கு, நிலைதான் சாஞ்சிருக்குங்கிறார்."

"எப்போலருந்து?"

"கொஞ்ச நாளாவே இழுபறி. இன்னைக்குச் சுத்தமா சிக்கிக்கிச்சு."

"உங்க வகுப்புக்குக் கீழ என்ன இருக்கு?"

"வண்டி நிறுத்துற இடம் மேடம்."

"கீழ போய்க் காட்ட முடியுமா? லிஃப்ட் வேண்டாம், படியில போங்க."

படியிறங்கும் செருப்பொலி கேட்டது. பிறகு திரையில் ஒரு தூண். பூச்சு உதிர்ந்து கீழே குவிந்திருந்தது. தூணின் குறுக்கே சாய்வாக ஒரு பிளவு. அதன் நடுவே நிற்கும் கம்பிகள், பாரம் தாங்காத முதுகுபோல் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. அந்தத் தூண் நாற்கோணம் அல்ல, அறுகோணம். அறுகோணத் தூண் இந்த நகரத்தில் யாருடையது என்று தங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். தாங்கள் இப்பொறுப்புக்கு வருவதற்கு முன்னே நாங்கள் கட்டியது.

பதிவில் அடுத்துக் கேட்டது, அருகில் இருந்த தங்கள் கணவரின் குரல்: "ஏம்மா, என்னாச்சு?"

"நம்ம தூணுங்க."

அழைப்பைத் துண்டித்திருந்தால் நிபந்தனை நின்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அலுவலகத்தில் அந்தப் பெண்மணியின் அழைப்பு ஒலித்து ஓய்ந்திருக்கும். தாங்கள் துண்டிக்கவில்லை.

"கேளுங்க. தூண்கிட்ட போகாம, வந்த வழியாவே மேல ஏறுங்க. ஓட வேண்டாம். ஏறிக்கிட்டே பேசுங்க."

"என்ன மேடம், பயமுறுத்துறீங்க?"

"கட்டடத்தைக் காலி பண்ணணும். எல்லாரும். இப்பவே."

அவர் நேரே குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் ஓடிக் கைப்பேசியை நீட்டினார். தலைவருக்கு நியாயமாகவே கோபம் வந்தது.

"யாருங்க நீங்க? ஃபோன்ல ஒரு தூணைப் பார்த்துட்டு இத்தனை குடும்பத்தையும் தெருவுல நிறுத்தச் சொல்றீங்க? மேல ஒரு பெரியவர் படுத்த படுக்கையா கிடக்காரு. எந்த அதிகாரத்துல பேசுறீங்க?"

"நான் கட்டடப் பொறியாளர்."

"ஊருக்கு ஆயிரம் பொறியாளர். காசு வாங்கிட்டு ஆன்லைன்ல சொல்றதை எல்லாம் நம்ப முடியாது. கட்டினவங்க வந்து சொல்லட்டும், இறங்குறோம்."

அம்மையீர், அடுத்து வரப்போகும் சொல் என்னவென்று கூட்ட அறையில் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குத் தாங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதும் தெரிந்திருந்தது.

"கட்டினவங்கதான் சொல்றோம். இதைக் கட்டின நிறுவனத்துல தரக்கட்டுப்பாட்டுத் தலைமைப் பொறியாளர் நான். சொல்ற பொறுப்பு என்னோடது. அந்தப் பெரியவரைப் படுக்கையோட தூக்கிட்டு இறங்குங்க."

இறங்கினார்கள். பால் பொங்கிய அடுப்பை அணைத்துவிட்டு, பாதிக் குளியலில் துண்டோடு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, எதிர்த் தெருவோரம் வந்து நின்றார்கள். பெரியவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். "மெதுவாடா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அவர் அதட்டியது பதிவில் கேட்கிறது. அந்தப் பதற்றத்திலும் யாரோ சிரித்தார்கள்.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்ன கையோடு தாங்கள் நிர்வாக இயக்குநரை அழைத்தீர்கள். அவர் கேட்டது: "உங்க பதவியை எதுக்குச் சொன்னீங்க? நாளைக்கு அது நம்ம மேலயே திரும்பும்." தாங்கள் சொன்னது: "திரும்பும் சார். இப்ப முட்டுக் குடுக்கணும். கிடங்கைத் திறக்கச் சொல்லுங்க." ஒரு கணம் தயங்கியவர், "காவலாளிகிட்ட சொல்றேன்" என்றார். அதையும் இங்கே சொல்வதே நியாயம்.

மருமகன் வீட்டில் விருந்துண்ண அமர்ந்திருந்த எங்கள் மூத்த மேஸ்திரி, தாங்கள் அழைத்ததும் "எத்தனை முட்டு வேணும் மேடம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தார். இரும்பு முட்டுகளை ஏற்றிய லாரி வந்தபோது தாங்கள் அந்தக் கட்டடத்தின் வாசலில் தலைக்கவசத்தோடு நின்றீர்கள். "மனசிருக்கிறவங்க மட்டும் வாங்க. உள்ள வரச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தல" என்றீர்கள். மேஸ்திரியும் இன்னும் இரு தொழிலாளர்களும் வந்தார்கள். நன்றாக இருந்த தூண்களின் பக்கமிருந்து தொடங்கி, உத்திரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக முட்டு நிறுத்தி உள்நோக்கி நகர்ந்தீர்கள். உடைந்த தூணுக்கு முந்தைய வரிசையை எட்டியபோது, வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். தூணிலிருந்து ஒரு பாளம் தெறித்து விழுந்தது. மேஸ்திரி இன்றும் சொல்கிறார்: "அந்த நேரத்துல எனக்கு என் பொண்ணு முகம் வந்துச்சு. மேடத்தைப் பார்த்தேன். அவங்க மேல உத்திரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. முட்டு எதுவும் நழுவலன்னு தெரிஞ்சதும், 'வெளியே போறவங்க போகலாம்'னாங்க. யாரும் போகல. 'அப்ப அடுத்ததைக் குடுங்க'ன்னாங்க."

பொழுது சாய்வதற்குள் பாரம் முட்டுகளுக்கு மாறியது. கட்டடம் நின்றது.

துணிவின் துணையே! அதற்குப் பிறகு நடந்ததுதான் எழுதக் கடினமானது. தூணைச் சோதித்தபோது, ரிங்குகள் வரைபடத்தில் உள்ளதைவிட அகலமான இடைவெளியில் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. மொட்டைமாடியில் சங்கம் தன் விருப்பப்படி ஏற்றிய பெரிய தண்ணீர்த்தொட்டியும் சேர்ந்துகொண்டது. நிறுவனம் தன் செலவில் தூண்களைப் பலப்படுத்தியது; குடும்பங்கள் திரும்பின. ஆனால் சங்கத்தின் வழக்கறிஞர் அனுப்பிய அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே, "கட்டினவங்கதான் சொல்றோம்" என்ற தங்கள் வாக்கியம் இருந்தது. உயிர் காத்த சொல்லே தங்களுக்கு எதிரான சாட்சியானது. விசாரணைக் குழு அமர்ந்தது. அதன் தலைவர், எவருக்கும் எள்ளளவும் வளைந்துகொடுக்காத எங்கள் நிதித்துறைத் தலைவர்.

"நிபந்தனை தெரியும்தானே? அழைப்பைத் துண்டிச்சிருக்கலாமே?"

"துண்டிச்சிருக்கலாம் சார். துண்டிச்சா அந்தம்மா மறுபடியும் கீழ போயிருப்பாங்க. அதே தூண் பக்கத்துல நின்னு வேற யாருக்காவது காட்டிக்கிட்டிருப்பாங்க."

அவர் எழுதிக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை. நிபந்தனை மீறியது மீறியதுதான் என்று தீர்ப்பு வந்தது. தங்களுக்குக் கண்டிப்பு, ஓய்வுபெறும் வரை இணையவழி ஆலோசனைக்குத் தடை. தாங்கள் அதற்கும் தலைவணங்கினீர்கள். காத்திருந்தவர்களின் கட்டணத்தைத் திருப்பினீர்கள். கணவர் வீட்டிலேயே பிழைதிருத்தும் வேலையைத் தேடிக்கொண்டார். வீட்டில் என்னென்ன சுருங்கியது என்று தாங்கள் சொன்னதில்லை. ஒன்று மட்டும் கேட்டீர்கள்: அதே காலத்தில் நாம் கட்டிய எல்லாக் கட்டடங்களையும் சோதிக்க வேண்டும். நிர்வாக இயக்குநர் உடனே ஆணையிட்டார். இன்னும் இரு கட்டடங்களில் தூண்கள் பலப்படுத்தப்பட்டன. அங்கே குடியிருப்பவர்களுக்குத் தங்கள் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது.

இன்றோடு தடை தீர்கிறது, அம்மையீர். நாளை முதல் அந்தச் சாப்பாட்டு மேசை விளக்கைத் தாங்கள் ஏற்றலாம்; யார் கட்டியது என்று பாராமல் எந்தச் சுவரையும் பார்க்கலாம். தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க! முழங்கால் வலி முற்றும் விலகுக! உழைப்புக்கேற்ற வருவாய் வற்றாது வருக! துணைவரோடு தாங்கள் நீடு வாழ்க!

இம்மடலில் யார் முதலில் கையெழுத்திடுவது என்ற கேள்வி நேற்று மாலை எழுந்தது. பேனா மேசையிலேயே கிடந்தது. தேநீர் அருந்த வந்த நிதித்துறைத் தலைவர் நின்று, அதுவரை எழுதிய மடலை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். தம்மைப் பற்றிய வரிகளையும் வாசித்தார். ஒரு காற்புள்ளியைத் திருத்தினார்.

"பேனாவைக் குடுங்க" என்றார். "அந்தக் கண்டிப்புல இருக்கிறது என் கையெழுத்து. அது சரிதான், மாத்த மாட்டேன். ஆனா அந்தக் கட்டடத்துல என் தங்கச்சி குடியிருக்கா. குழுவுல உக்காந்திருந்த வரைக்கும் அதை யார்கிட்டயும் சொல்லல."

கையெழுத்திட்டுவிட்டு, தேநீரைக் குடிக்காமலே போனார்.

இங்ஙனம்,
நிதித்துறைத் தலைவர்,
மூத்த மேஸ்திரி,
மற்றும் தங்கள் அன்பில் நனைந்த அலுவலக, கட்டுமானத் தளப் பணியாளர்கள்