ஒரு சொட்டு ராட்சசி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். அடுத்தவர் கையால் வருகிற டீயை மிச்சம் வைத்து எனக்குப் பழக்கமில்லை. வருவதே அபூர்வம்.

நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் புகுந்து கேள்வி கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும், ஆய்வுக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புற்றுநோய் மரபணு ஆராய்ச்சி என் வேலை. ஒரே குடும்பத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் பேத்திக்கும் ஏன் அதே இடத்தில் கட்டி வருகிறது, எந்த மரபணுவில் பிசகு என்று தேடுவது. இளம் வயதிலேயே அப்படி ஒரு பிசகைக் கண்டுபிடித்தேன். பெரிய அரங்கத்தில் எழுந்து நின்று கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சொல்ல ஆளில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். "நல்லது, சாப்ட்டியா?" என்றான். அண்ணியிடம் கொடுத்தான். அவள் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டாள். தப்பாக நினைக்கவில்லை, உண்மையாகவே தீய்ந்திருக்கும்.

அதற்கப்புறம் கல்யாணம், காட்சி எதுவும் இல்லாமல் செல் வளர்ப்பு அறையிலேயே என் காலம் போனது. நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, குடுவையில் ஊட்டநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்தால் செல்கள் வளரும். எல்லாம் வளராது. பெரும்பாலானவை நோஞ்சான்கள், கண்ணும் கருத்துமாகப் பார்த்தாலும் செத்துப்போகும். ஆனால் எங்களிடம் ஒரு வகை இருந்தது. எப்போதோ இறந்துபோன ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து வந்தது. அதற்குச் சாவே கிடையாது. ராட்சசி என்று பெயர் வைத்திருந்தோம். ராட்சசியின் குடுவையைத் தொட்ட கையோடு வேறு குடுவையைத் தொடக் கூடாது. ஒரு சொட்டு தெறித்தால் போதும், சில வாரங்களில் அந்தக் குடுவை முழுக்க அவள்தான் இருப்பாள், பழைய செல்கள் இருந்த இடம் தெரியாது. அதனால் ராட்சசிக்கு எப்போதும் கடைசியில்தான் தீனி. அந்த விதியை அறைக் கதவில் ஒட்டியதே நான்தான்.

பிறகு குருவி வந்து சேர்ந்தாள். வாய் ஓயாது, சாப்பாடோ ஒரு பிடி. அதனால் குருவி. முதல் நாள் நான் கை கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கேதான் வழக்கம். அவள் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, பஸ்ஸ பிடிக்கப் போறீங்களா? வாங்க, உக்காந்து சாப்பிடலாம்." அவ்வளவுதான் சொன்னாள். என் டப்பாவை அவளே தூக்கிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் கணவர் வேறு ஊரில் வேலை. ஆராய்ச்சி முடிந்ததும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. என்னை அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாப்பிள்ளை. நல்ல மனிதர், போனில் நலம் விசாரிப்பார். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே தவறுதான். குருவிக்குக் காய்ச்சல், அவள் செல்களுக்கு நான் தீனி போட்டேன். ஏதோ யோசனையில் ராட்சசியைத் தொட்ட பிப்பெட் குழாயை மாற்றாமல் விட்டுவிட்டேன். அவள் வேலை முடிகிற சமயம், ஊருக்குப் போகப் பெட்டிகூடக் கட்டிவிட்டாள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குடுவை முழுக்க ராட்சசி. என் தோளில் சாய்ந்து அழுதாள். என் தோளில் அதுவரை யாரும் அழுததில்லை, சார். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பயணம் தள்ளிப்போனது. அந்த வருஷம் என் வாழ்க்கையிலேயே நல்ல வருஷம். மதியம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இரண்டாவது தடவை நான் யோசனையில் இல்லை. அவள் கட்டுரை எழுதத் தொடங்கிய வாரம், ஒரு சொட்டு விட்டேன். கை கூசும் என்று எதிர்பார்த்தேன், கூசவில்லை. அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "நான் ராசியில்லாதவக்கா." நான் தலையைக் கோதிவிட்டேன். எந்தக் குடுவையில் யாருடைய செல் என்று பார்க்க மாதம் ஒருமுறை அடையாளச் சோதனைக்குப் போகும், அனுப்புகிறவள் நான். எதை எப்போது அனுப்புவது என்பது என் கையில்தான் இருந்தது.

அப்புறம் மாப்பிள்ளைக்குக் குடலில் கட்டி வந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இந்த ஊரிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று அவரை இங்கே கூட்டி வந்தாள். அறுத்து எடுத்தும் திரும்ப வந்தது. அறுத்த கட்டியில் ஒரு துணுக்கை வாங்கி எங்கள் குடுவையில் வளர்க்க ஏற்பாடு செய்தோம். டாக்டர் இரண்டு மருந்துகளைச் சொன்னார். இரண்டையும் தாங்க அவர் உடம்பில் தெம்பில்லை, ஒன்றைத்தான் கொடுக்க முடியும். "உங்க குடுவையில எந்த மருந்து கேக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. அதையே ஆரம்பிச்சுடுறேன்" என்றார். குருவி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களே பாருங்க. உங்களத் தவிர யாரையும் நான் நம்ப மாட்டேன்."

நன்றாகத்தான் பார்த்தேன். அவர் செல்கள் லேசில் வளரவில்லை, விடுமுறையிலும் போய் ஊட்டநீர் மாற்றினேன். ஒரு தாய்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். ஒருநாள் குருவி ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னாள். "இவருக்குச் சரியானதும் ரெண்டு பேரும் ஒரேயடியாக் கிளம்பிடுவோம்க்கா. ஆராய்ச்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்." நான் நல்ல முடிவு என்றேன்.

அவர் செல்கள் இரண்டு குடுவைகளில் இருந்தன. ஒன்றில் ராட்சசியை விட்டேன், இந்தத் தடவை ஒரு சொட்டு இல்லை, நிறைய. இன்னொன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். சாகாத ராட்சசியும் முதல் மருந்துக்கு மட்டும் சுருண்டு விழுவாள், அது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். குருவி கெட்டிக்காரி. முதல் மருந்துதான் கேட்கிறது என்ற முடிவைப் பார்த்துவிட்டு, குரோமோசோம் படத்தையும் வாங்கிப் பார்த்தாள். "என்னக்கா, ஒய் குரோமோசோமக் காணோமே? ஆம்பளை செல்லுதானே?" ஆண்களின் கட்டிகளில் அது காணாமல் போவது சகஜம் என்றேன். அது பொய்யில்லை, சார், நீங்கள் யாரையும் விசாரிக்கலாம். சகஜம்தான். அவளுக்கும் அது தெரியும். தலையாட்டிவிட்டுப் போனாள்.

டாக்டர் முதல் மருந்தை ஆரம்பித்தார்.

தனியாக வைத்த குடுவையையும் நான் சோதித்தேன், ஆராய்ச்சிக்காரி என்றால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டாவது மருந்துக்கு அவர் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். குடுவை வேறு, உடம்பு வேறு, எங்கள் தொழிலில் அப்படிப் பேசக் கூடாது. ஆனால் அப்போது அவர் சாப்பிட்டுக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தார். மருந்தை மாற்ற அவகாசம் இருந்தது. நான் மூச்சு விடவில்லை. முதல் மருந்து கேட்கவில்லை. கடைசி நாளில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளப் பாத்துக்கோங்க அண்ணி" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொண்டேன். அவளை என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். என் வீட்டில் இரண்டாவது கட்டில், இரண்டாவது துண்டு, குளியலறையில் இன்னொரு சோப்பு. அவள் முன்போலப் பேசவில்லை. சரியாகிவிடும் என்று இருந்தேன். போன வாரம், சமையலறை வாசலில் நின்று, "எனக்கு வெளிநாட்டுல வேல கெடச்சிருக்குக்கா. இந்த ஊர்ல மூச்சு முட்டுது" என்றாள். நாளை விமானம். இப்போது அவளிடம் குடுவை எதுவும் இல்லை, சார். ஆராய்ச்சியை விட்டுவிட்டாள், வகுப்பெடுக்கப் போகிறாள். நான் என்ன செய்ய முடியும், யோசித்துப் பாருங்கள்.

மாப்பிள்ளையின் நிஜமான செல்கள் உறைநிலைத் தொட்டியில் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துச் சோதித்தால் நான் சொன்னது அத்தனையும் நிரூபணமாகும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். வக்கீல் வேண்டாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செத்தவரின் மனைவி, கூடவே வேலை பார்த்தவள், முக்கியமான சாட்சி அவள்தானே? வழக்கு முடிகிறவரை அவளை வெளிநாடு போக விட மாட்டீர்கள் அல்லவா? விமானம் காலையில் சீக்கிரமே கிளம்பிவிடும், சார். நீங்கள் இப்போதே ஆள் அனுப்பினால் நல்லது.